வயிற்றோடு பயத்தையும் கவனியுங்கள்

காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாணம் போகும்போது தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையைக் கடந்துதான் போக வேண்டும். வயிற்றுளைவும் வயிற்றோட்டமும் மாறிமாறி வந்த காலத்தில் அந்தக் கட்டடத்தைக் கண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். ‘ஐ.பி.எஸ்.’ (Irritable Bowel Syndrome, எரிச்சல்கொண்ட குடல் கோளாறு) என்று வைத்தியர் சொன்ன பிறகும் பயம் விடவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று பிரித்தறிந்த பிறகுதான் நிம்மதி வந்தது.

ஐ.பி.எஸ். புற்றுநோயாக மாறாது. குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. அதன் அசைவும் உணர்வும்தான் குழம்பியிருக்கும். மூளையும் குடலும் நரம்புகளால் இணைந்திருப்பதால் பயம் கூடினால் உளைவும் கூடும்.

அபாய அறிகுறிகளை எழுதி ஒட்டுங்கள். மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தச்சோகை, காய்ச்சல், நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் கோளாறு, குடும்பத்தில் குடற்புற்றுநோய். பயம் வரும்போது இதைப் பார்ப்பேன். ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். ஒன்றுமில்லையென்றால் இன்னொரு ஸ்கான் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்கான் தரும் ஆறுதல் சில நாட்களில் கரைந்துவிடும்.

உணவுக் கட்டுப்பாட்டைப் பட்டினியாக்காதீர்கள். அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறையில் வெங்காயம், உள்ளி, கோதுமை, பருப்பு வகைகள், பால் ஆகியவற்றைச் சில வாரங்கள் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். கோதுமை மாப் புட்டுக்குப் பதிலாக அரிசிமாப் புட்டு எனக்கு ஒத்துக்கொண்டது. உள்ளியை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் வாசம் எண்ணெயில் நிற்கும். வயிற்றை ஊதவைக்கும் சர்க்கரை எண்ணெயில் கரையாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டால் உடல் மெலியும். அந்த மெலிவே புதிய பயமாகிவிடும்.

பயணத்தைத் திட்டமிடுங்கள். 2015இல் காங்கேசன்துறைக்கு மீண்டும் றெயில் வந்தது எனக்குப் பெரிய உதவி. கொழும்புப் பயணத்துக்கு பஸ்ஸைவிட றெயிலே நல்லது; மலசலகூடம் பக்கத்திலேயே இருக்கிறது என்ற நினைப்பே வயிற்றை அமைதிப்படுத்தும்.

பயத்தையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நாங்கள் வயிற்றைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு மருந்துத் துண்டோடு திரும்பிவிடுகிறோம். “புற்றுநோயோ என்று பயமாயிருக்கு, டொக்டர்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால்தான் அவர் உங்கள் உடலைப் பார்த்து, உங்களுக்கான பதிலைச் சொல்ல முடியும்.