ஏசி அறையை விட்டு வெயிலுக்கு: வெளிநாட்டு வேலை கேள்வி-பதில்

சிதம்பரத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு போய்விட்டது. கனடாவில் ஆப்பிள் பறிக்கும் வேலை, சீசன் விசா, ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா? - வாசகர், புவனகிரி

கட்டாதீர்கள். கனடாவின் பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் மெக்சிகோவுக்கும் கரீபியன் நாடுகளுக்கும் மட்டுமே. ஆஸ்திரேலியாவின் ‘பால்ம்’ திட்டம் பசிபிக் தீவுக்காரர்களுக்கும் கிழக்குத் திமோருக்கும். உங்கள் ஊருக்கே வராத பஸ்ஸுக்கு டிக்கெட் விற்கிறார் அந்த ஏஜென்ட். கனடாவுக்கு வேறு வழி உண்டு. ஆனால் அதற்குத் தோட்ட முதலாளிதான் முதலில் அந்த அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆள் பிடித்த செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்பதும் அங்கே சட்டம்.

நமக்குத் திறந்திருக்கும் கதவுகள் குறைவு. பிரிட்டனின் பருவகால விசாவில் ஆறு மாதம் வேலை பார்க்கலாம், குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாக மட்டுமே ஆள் எடுப்பார்கள். ஆஸ்திரேலியாவின் ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ 2024-இல் நமக்குத் திறந்தது: வயது 18 முதல் 30, ஆண்டுக்கு 1000 பேர், அதுவும் குலுக்கலில். ஜப்பானோடு 2021-இல் போட்ட ஒப்பந்தத்தில் விவசாயமும் இருக்கிறது, ஆனால் ஜப்பானிய மொழித் தேர்வில் தேற வேண்டும்.

அப்புறம், நாள் முழுக்கக் குனிந்து பழம் பறித்தால் முதுகுவலி போகும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

விசிட் விசாவில் துபாய் போய், அங்கே வேலை தேடிக்கொண்டே சைட்டில் நிற்கலாமா? - வாசகர், விருத்தாசலம்

கூடாது. கை உடைந்தால் நஷ்டஈடு கேட்க, சட்டப்படி நீங்கள் அங்கே தொழிலாளியே இல்லை.

என் வீட்டுக்காரருக்கு வயது 41. அலுவலக வேலையை விட்டுவிட்டு கத்தாரில் தோட்டப் பராமரிப்பு வேலைக்குப் போகிறேன் என்கிறார். வெயில் தாங்குவாரா? - வாசகி, பரங்கிப்பேட்டை

பயப்படாதீர்கள் அம்மா, உடம்பு பழகும். ஆனால் பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆபத்து அந்த முதல் சில நாட்களில்தான். புதிதாக வெயிலில் இறங்குபவருக்கு முதல் நாள் 20 விழுக்காடு வேலை, பிறகு தினமும் 20 விழுக்காடு கூட்டலாம் என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் பரிந்துரை. எல்லா மேஸ்திரியும் அப்படி விடமாட்டார். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. அந்த நேரத்தில் இறங்கச் சொன்னால் மறுக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கட்டும். இப்போதைக்கு, சித்திரை வெயிலில் பத்து நாள் ஒரு கொத்தனாருக்குச் சித்தாளாக நிற்கச் சொல்லுங்கள். ஆசை எவ்வளவு உறுதியானது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. விவசாயம் படித்துவிட்டு டேட்டா என்ட்ரி வேலையில் இருக்கிறேன். ஓமனில் பண்ணை வேலை வந்திருக்கிறது. பத்தாவது தாண்டியவன் என்பதால் எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவையில்லை என்கிறார்கள். நிம்மதிதானே? - வாசகர், சிதம்பரம்

இந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்காதது. பத்தாவது தாண்டாத ஒரு மேஸ்திரி வளைகுடாவுக்குப் போனால், 1983 குடியேற்றச் சட்டப்படி அவருடைய ஒப்பந்தம் ‘இ-மைக்ரேட்’ இணையதளம் வழியாக அரசின் கண்ணில் படும். 10 லட்ச ரூபாய் ‘பிரவாசி பாரதிய பீமா’ காப்பீடு இல்லாமல் அவர் விமானம் ஏற முடியாது. நீங்கள் பட்டதாரி, உங்கள் ஒப்பந்தத்தை எவரும் கேட்கமாட்டார்கள். விவரம் தெரிந்தவர், தானே பார்த்துக்கொள்வார் என்று அரசு விட்டுவிடுகிறது. நீங்களோ மேஸ்திரி படிக்கும் அளவுக்குக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறீர்கள்! ‘சூப்பர்வைசர்’ என்று வாயால் சொல்வார்கள், விசாவில் ‘ஃபார்ம் லேபர்’ என்றிருக்கும். கணினி முன்னால் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் இந்த ஒரு வரியைப் பார்க்காமல் ஏமாந்த கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. 2019 முதல் உங்களைப் போன்றவர்களும் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் கட்டாயம் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள், பிறகு நிறுத்திவைத்துவிட்டார்கள். விரும்பினால் பதியலாம், பதியுங்கள். ஏஜென்டின் பதிவு எண்ணையும் அதே தளத்தில் சரிபாருங்கள். பதிவுபெற்றவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சத்தில் பேசுகிறவர் வீட்டுப் பக்கமே போகாதீர்கள். ஏஜென்டே வேண்டாம் என்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது.

வீட்டில் சொல்லாமல் போகலாமா? - வாசகர், கடலூர் முதுநகர்

சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் நகலையும் விசா நகலையும் கொடுத்துவிட்டுப் போங்கள். பிரச்சினை என்றால் தூதரகத்துக்கு மனு எழுதப்போவது அவர்கள்தான்.

ராஜினாமாவை எப்போது கொடுப்பது? - வாசகர், நெய்வேலி

ஒப்பந்தம், மெடிக்கல், விசா மூன்றும் கைக்கு வந்த பிறகு. மார்பு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலே வளைகுடா மெடிக்கலில் ‘அன்ஃபிட்’ ஆகலாம். முதலில் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள், சில மேனேஜர்கள் கொடுக்கிறார்கள்.