ஒட்டுப் போடும் முன் சோபாவைக் கவிழ்த்துப் பார்!

உமா,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடியின் பக்கவாட்டில் கத்திரிக்கோல் வெட்டு (யார் கைவண்ணம் என்று கேட்கவே வேண்டாம்), உட்காரும் இடத்தின் முன்விளிம்பில் தையல் விட்டுப்போன வாய், தலை சாயும் இடத்தில் பொருக்குப் பொருக்காக உரிந்த மேல்தோல். மூன்றையும் மூட ஸ்டிக்கர் ஒட்டு ஒரு ரோல் ஆர்டர் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும். ஆனால் அந்த ரோல் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் சரிப்பட்டு வரும். மற்ற இரண்டிலும் ஒட்டினால் கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும். அப்புறம் ஓரம் தூக்கிக்கொண்டு, தூக்கிய இடத்தில் அழுக்கு ஏறி, கிழிசலே தேவலாம் என்று ஆகிவிடும்.

வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டதில் எனக்குக் கிடைத்த லாபம், தோல் விஷயம் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கிழிந்த பொருள் எதைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். நீயும் அங்கிருந்தே தொடங்கு.

அசலா, ரெக்சினா?

மாப்பிள்ளையை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி சோபாவைக் கவிழ்த்துப் போடு. அடியில் ஒரு கறுப்புத் துணியை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருப்பார்கள். ஒரு மூலையில் சில பின்களை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தால், மேலுறை மடிந்து முடிகிற விளிம்பு தெரியும். அதன் உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார். இழை இழையாக, பஞ்சுபோல, நெசவே இல்லாமல் இருந்தால் அசல் தோல். குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடிய துணியோ பனியன் துணியோ தெரிந்தால் ரெக்சின் அல்லது பியூ (பாலியூரிதேன் பூசிய துணி). தோல் தூளைப் பசையோடு கலந்து தகடாக்கி, மேலே பியூ பூசிய ‘பாண்டட் லெதர்’ என்று ஒன்றும் இருக்கிறது. அதில் ‘லெதர்’ என்ற பெயர் இருப்பதால் ஏமாந்துவிடாதே. ரிப்பேர் என்று வந்துவிட்டால் அதையும் பியூ கணக்கில்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு சூட்சுமம். உட்காரும் இடமும் சாயும் இடமும் அசல் தோல், பக்கவாட்டும் முதுகும் ரெக்சின் என்று கலந்து செய்த சோபாக்கள் நிறைய உண்டு. அதனால் ஒரு மூலையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதே. கிழிந்த ஒவ்வொரு இடத்திலும் வெட்டு வாய் வழியாகவே உள்பக்கத்தைப் பார். தீக்குச்சி கொளுத்தி வாசனை பார்க்கும் சோதனையை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. உள்ளே இருப்பது ஃபோம், குபுக்கென்று பற்றிக்கொள்ளும்.

அடுத்து செல்லோடேப் சோதனை. கிழிசலுக்குப் பக்கத்தில் நல்லபடியாக இருக்கும் இடத்தில் ஒரு துண்டு டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழு. டேப் வெறுமையாக வந்தால் மேல்பூச்சு உறுதியாக இருக்கிறது, ஒட்டுப் போடலாம். நிறமும் செதிளும் டேப்போடு வந்தால் அங்கே எந்த ஒட்டும் நிற்காது. உன் தலை சாயும் இடத்தில் செதிள்தான் வரும், பார்க்காமலேயே சொல்கிறேன்.

காரணம், பியூ பூச்சுக்கு ஈரம் ஆகாது. திருவான்மியூர் கடற்காற்றில் இருக்கும் ஈரப்பதம் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்பை வருடக்கணக்கில் மெல்ல அறுத்துக்கொண்டே வரும். பள்ளிக்கூடத்தில் படித்தோமே, நீராற்பகுப்பு, அதேதான். அதோடு தினமும் தேங்காயெண்ணெய்த் தலையும் வேர்த்த கழுத்தும் சாய்ந்தால் அந்த இடம் முந்திக்கொண்டு உரியும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது, பொரிந்த சுவரில் போஸ்டர் ஒட்டுவது மாதிரி. போஸ்டர் காரையோடு சேர்ந்து கையில் வந்துவிடும். அந்த இடத்துக்கு என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது ஒட்டு நிற்கக்கூடிய கைப்பிடிக்கு வருவோம்.

கைப்பிடி வெட்டு: இங்கே ஒட்டலாம்

பக்கவாட்டு சமதளமான இடம். யாரும் அதன்மேல் உட்காரப் போவதில்லை, மடங்கி மடங்கி நிமிரவும் போவதில்லை. ஸ்டிக்கர் ஒட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ரோல் கைக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்துவிடாதே. இந்த வேலையில் முக்கால் பங்கு துடைப்பதுதான். தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சில சொட்டு விட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, கிழிசலைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குத் துடை. பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் சோப்பை எடு. ஃபேனைப் போட்டு முழுக்கக் காயவிடு. கடைசியாக மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஒரு முறை துடை. முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தொட்டுப் பார்த்துக்கொள். நிறம் பஞ்சில் ஏறினால் ஆல்கஹால் வேண்டாம், சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள். ஆல்கஹால் இல்லையே என்று ஹேண்ட் சானிடைசரை எடுத்துவிடாதே. கை வறண்டு போகாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது படலமாகத் தங்கிப் பசையைப் பிடிக்கவிடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதே, மேல்பூச்சையே கரைத்துவிடும். பளபளக்க வைக்கும் ஸ்ப்ரே எதையாவது இத்தனை நாளாக அடித்துக்கொண்டிருந்தாய் என்றால் சோப்புத் தண்ணீரால் இரண்டு மூன்று தடவை துடைக்க வேண்டியிருக்கும். அதில் இருக்கும் சிலிகான் லேசில் போகாது.

வெட்டு வாயில் நூலோ பிசிறோ நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரித்துவிடு, பிடித்து இழுக்காதே. வாய் பிளந்து ஃபோம் தெரிந்தால் ஸ்டிக்கரை நேராக மேலே ஒட்டக் கூடாது. கொஞ்ச நாளில் ஒட்டு உள்ளே குழிந்து, கிழிசலின் வடிவம் அப்படியே மேலே தெரியும். பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்றை கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் பெரிதாக வெட்டி, மூலைகளை உருட்டி, மழுங்கிய வெண்ணெய்க் கத்தியால் தோலுக்கும் ஃபோமுக்கும் நடுவில் தள்ளி நீவிவிடு. மேலே ஒட்டு உட்கார ஒரு தளம் கிடைத்துவிடும்.

ஒட்டின் அளவை முதலில் செய்தித்தாளில் வெட்டி வைத்துப் பார். கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் இருக்க வேண்டும். மூலை கூராக இருக்கவே கூடாது. துணி உரசி முதலில் எழும்புவது கூர்மூலைதான். ஐந்து ரூபாய் நாணயத்தை மூலையில் வைத்துக் கோடு போட்டு வளைவாக வெட்டு.

ஒட்டும்போது பின்தாளை முழுவதும் உரித்துவிடாதே. ஒரு விரல்கடை உரித்து, அந்த ஓரத்தை இடம் பார்த்துப் பதித்து, தாளை மெல்ல உருவிக்கொண்டே துணியால் நீவிக்கொண்டு போ. ஒட்டை இழுத்துப் பிடித்து ஒட்டும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, பள்ளி நோட்டுக்கு லேபிள் ஒட்டிய கை. இங்கே இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டியது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், ஓரம் தானாகத் தூக்கும். ஒட்டிய பிறகு பூரிக்கட்டையால் அழுத்தி உருட்டு. ஓரத்தை மட்டும் ஸ்பூனின் முதுகால் தனியாகத் தேய்த்துவிடு. ஹேர் டிரையரில் மிதமான சூடு காட்டி இன்னொரு முறை அழுத்தினால் பசை இளகி, தோலின் சிறு குழிகளுக்குள் இறங்கும். கை பொறுக்கும் சூடு போதும். அதற்கு மேல் போனால் ரெக்சின் இளகிச் சுருங்கிவிடும்.

இது அழுத்தத்தால் பிடிக்கும் பசை. ஒட்டிய உடனேயே முழுப் பலம் வந்துவிடாது, நேரம் ஆக ஆகத்தான் கூடும். குறைந்தது ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் யாரும் தொடக் கூடாது. உன் குட்டிப் பிள்ளையை அன்றைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடு. மழை நசநசவென்று பெய்யும் நாளில் இந்த வேலையே வேண்டாம், நல்ல வெயில் நாளாகப் பார்.

நிறப் பொருத்தம் பற்றிக் கேட்டிருந்தாய். பிரவுன் என்று வாங்கினால் பிரவுனுக்கு எத்தனையோ சாயல். ட்யூப்லைட்டில் ஒன்றாகத் தெரிவது பகல் வெளிச்சத்தில் தனித்துத் தெரியும். ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டு. பொருந்தவே இல்லையா, பொருத்தும் முயற்சியை விட்டுவிடு. இரண்டு கைப்பிடியிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், வேறு நிறத்தில் நீளப் பட்டையாக ஒட்டிவிடு. வாங்கும்போதே அப்படி இருந்ததாக நினைத்துக்கொள்வார்கள். எனக்கு என்னவோ, அரைகுறையாகப் பொருந்திய ஒட்டைவிட இதுதான் கண்ணுக்குப் பிடிக்கிறது.

அசல் தோல் கிழிந்தால்

உன் சோபாவில் உட்காரும் இடம் அசல் தோலாக இருக்க வாய்ப்பு உண்டு. நாளைக்கு அங்கே சாவியோ பெல்ட் பக்கிளோ கீறிவிட்டால் ஸ்டிக்கரை மேலே ஒட்டாதே. அசல் தோலுக்கு ஒட்டு உள்ளிருந்துதான் போட வேண்டும். செருப்புக்குள் லைனிங்காக வைக்கும் மெல்லிய தோல் துண்டு இதற்கு நன்றாக உதவும். இங்கே எளிதாகக் கிடைக்கும், சென்னையில் பெரியமேட்டில் தோல் கடைகளில் கேட்டுப் பார். இல்லாவிட்டால் அதே ஜீன்ஸ் துணி போதும்.

துண்டை உள்ளே விரித்த பின், கிழிசலின் இரண்டு உதட்டின் அடிப்பக்கத்திலும் துண்டின் மேல்பக்கத்திலும் செருப்புக் கடைக்காரர்கள் பூசும் ரப்பர் பசையை மெல்லிசாகத் தடவு. உடனே ஒட்டிவிடாதே. பத்து, பதினைந்து நிமிடம் காயவிட்டு, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் உதடுகளை நெருக்கி அழுத்து. காயும் முன் ஒட்டிவிடாமல் இருக்க நடுவில் ஒரு சிறு பட்டர் பேப்பரைச் செருகி வைத்து, பதம் வந்ததும் உருவிக்கொள்ளலாம். இந்தப் பசையின் ஆவி தலை சுற்ற வைக்கும், தீயும் பற்றும். ஜன்னலைத் திற, பூஜை விளக்கை அணை, அடுப்பு எரியும்போது செய்யாதே. மேலே ஐந்து கிலோ அரிசிப் பையை வை. மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி அமுங்கி எல்லா இடத்தையும் சமமாக அழுத்தும், புத்தக அடுக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஒரு சொட்டில் ஒட்டும் உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் கண்ணாடியாக இறுகிவிடும். உட்கார்ந்து எழும்போது தோல் வளையும், பசை வளையாது. பக்கத்திலேயே புதுக் கிழிசல் விழும், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்தும் போகும்.

தையல் விட்ட வாய்க்கு ஊசிதான்

முன்விளிம்பு, உட்காரும்போதெல்லாம் இரண்டு பக்கமும் இழுபடும் இடம். எந்த ஸ்டிக்கரும் அங்கே தாங்காது. தோல் நன்றாக இருந்து நூல் மட்டும் அறுந்திருந்தால் பழைய ஊசித் துளைகள் வழியாகவே தைத்துவிடலாம். வளைந்த ஊசியும் தடித்த நைலான் நூலும் வேண்டும், புதுத் துளை போடக் கூடாது. கை பழகாதவள் நீ, தெருமுனையில் செருப்புத் தைப்பவரைக் கூப்பிட்டுக் காட்டு. நீ ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதை அவர் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார். கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடு.

இனி தலை சாயும் இடம். உரிந்ததை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்காதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். ஷூ பாலிஷ் போட்டு மறைக்கலாம் என்று யாரோ சொன்னார்களாமே, மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை முதுகு முழுக்க அந்தப் பாலிஷ்தான் இருக்கும். தேங்காயெண்ணெய் தடவுவதும் வீண். பியூ எண்ணெயைக் குடிக்காது, தூசியைத்தான் சேர்த்துப் பிடிக்கும். தற்காலிகமாக ஒரு பருத்தி உறை தைத்துப் போடு, துவைத்துத் துவைத்துப் போடலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்ற வேண்டும். அதற்குப் பெரிய ஃபர்னிச்சர் கடையைத் தேடிப் போகாதே. பைக் சீட், ஆட்டோ சீட் தைக்கும் கடையில் ரெக்சினும் இருக்கும், மிஷினும் இருக்கும். வீட்டுக்கே வந்து அளவெடுக்க ஆள் அனுப்புவார்களா என்று கேட்டுப் பார். இந்த முறை பியூ வேண்டாம், பிவிசி ரெக்சினாகவே கேள். தொட்டால் அவ்வளவு மெத்தென்று இருக்காது, கோடையில் முதுகு கொஞ்சம் வேர்க்கும். ஆனால் உன் வீட்டு ஈரத்துக்கு அதுதான் தாங்கும்.

ரோலில் மீதி நிறைய இருக்கும். சுருட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவுக்குள் வை. பரணில் போட்டால் வெயில் சூட்டில் பசை ஓரத்தில் கசிந்து எல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். டைனிங் நாற்காலி சீட்டின் அடியில் ஒரு கீறல் இருந்ததே, அதில் ஒட்டிப் பழகிவிட்டு அப்புறம் கைப்பிடிக்கு வா.

அதற்கான ரெக்சினை இங்கேயே நான் பார்த்து வாங்க, தலை சாயும் பாகத்தின் நீளம், உயரம், பஞ்சின் கனம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதி அனுப்பு. மடித்து ஸ்டேப்ளர் அடிக்க எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் கூட்டிக்கொள். ரெக்சின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வரும், அதனால் உனக்கு எத்தனை மீட்டர் பிடிக்கும் என்று நானே கணக்குப் போட்டுக்கொள்கிறேன். கூடவே ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் சோபாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இங்கே கடையில் நிறம் பார்க்க எனக்கு அது வேண்டும்.