அரங்கேற்றமும் போட்டியும்

குடத்துள் இட்ட விளக்கிற்கும் ஒளி உண்டு; ஆயினும் அவ்வொளியால் வழி கண்டவர் எவரும் இலர். அவ்விளக்கையே குன்றின்மேல் ஏற்றினால் ஊர் முழுதும் அதனைக் காணும். கலைஞன் ஒருவனின் படைப்பும் இத்தகையதே. அரிதின் முயன்று எழுதிய கதை பெட்டிக்குள்ளும், அல்லும் பகலும் உழைத்து எடுத்த படம் பேழைக்குள்ளும் கிடக்குமாயின், அவை பிறவா மகவினை ஒக்கும். கற்றோர் அவையில் நின்று, தன்னை அறியாதார் முன்னிலையில் தன் படைப்பினை வைத்த பின்னரே ஒருவன் படைப்பாளன் ஆகின்றான். அவையறிதல், அவை அஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் வகுத்தமைக்கு ஏற்ற காரணம் உண்டு.

பண்டைத் தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நூல் செய்தவர் அதனை அவையில் அரங்கேற்றுதல் வேண்டும் என்பது அவர்தம் மரபு. தொல்காப்பியனாரும் இம்மரபிற்கு விலக்கானவர் அல்லர். நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில், அதங்கோட்டாசான் என்னும் பேராசிரியர் முன்னிலையில், குற்றம் நீங்க ஆராய்ந்து தம் நூலை அவர் அரங்கேற்றினார் என்று அந்நூலின் பாயிரம் கூறுகின்றது. இலக்கணப் பேரறிஞரே பிறர் வினாவிற்கு விடை கூறிய பின்னர்த்தான் தம் நூலை உலகிற்கு அளித்தார் எனின், ஏனையோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

அக்காலத்து அவைகள் இன்று இல்லை. அவற்றின் இடத்தை இதழ்கள் நடத்தும் கதைப் போட்டிகளும் குறும்பட விழாக்களும் ஓரளவு நிரப்புகின்றன. செல்வர் துணையோ, பெரிய நிறுவனத்தின் பொருளுதவியோ இன்றித் தன் முயற்சியையே முதலாகக் கொண்டு எழுதுவோனும் படம் எடுப்போனும், அறிமுகம் ஏதுமின்றி நுழையத்தக்க வாயில்கள் இவை. இவ்வாயிலில் நுழைவோன் எவற்றை உடன்கொண்டு செல்ல வேண்டும், எவற்றை எதிர்பார்த்தல் ஆகாது என்பன அறியத்தக்கவை.

முதலாவதாக வேண்டுவது படைப்பு தன்னுடையதாக இருத்தல். இதற்குத் திருவிளையாடற் புராணம் கூறும் தருமியின் வரலாறு நல்ல சான்றாகும். பாண்டியன் உள்ளத்து எழுந்த ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்கு உரிய பரிசிலாகப் பொற்கிழி ஒன்று சங்க மண்டபத்தில் தொங்கவிடப்பட்டது. வறியவனான தருமி, இறைவன் எழுதித் தந்த பாடலைக் கொண்டு சென்று படித்தான். அரசனும் மகிழ்ந்தான், கிழியை அறுக்கும் வேளையும் நெருங்கிற்று. அப்போது நக்கீரர் எழுந்து, பாட்டில் பொருட்குற்றம் உண்டு என்றார். தருமி வாயடைத்து நின்றான். பாட்டு உயர்ந்தது, அதனை இயற்றியவரோ இறைவர். ஆயினும், கொண்டு சென்றவனால் ஒரு வினாவிற்கும் விடை கூற இயலவில்லை. ஏன்? அப்பாட்டு அவன் நெஞ்சில் விளைந்ததன்று. இரவல் நகை அணிந்து மணப்பந்தலுக்குச் சென்றவள், உடையவள் எதிர்ப்படும்போதெல்லாம் நடுங்குவாள். பிறர் கதையைத் தழுவி எழுதுவோர்க்கும், கணிப்பொறி புனைந்து தரும் சொற்களைத் தம் பெயரால் அனுப்புவோர்க்கும் இந்நடுக்கம் நீங்காது. தமிழ் இதழ்கள் பலவும், ‘இது என் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அன்று, வேறு எவ்விதழிலும் வெளிவந்ததன்று’ என்னும் உறுதிமொழியைக் கதையுடன் வேண்டிப் பெறுவது இதுபற்றியே.

தன் நெஞ்சில் விளைந்ததையே எழுதிப் போட்டிகளின் வழி உயர்ந்தவருள் இராஜம் கிருஷ்ணன் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். அவர் 1925ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த முசிறியில் பிறந்தவர். 15ஆம் வயதிலேயே திருமணம் நிகழ்ந்தமையால் பள்ளிக் கல்வியைத் தொடர அவருக்கு வாய்ப்பு இல்லாது போயிற்று. கூட்டுக் குடும்பத்தின் கடமைகளுக்கு இடையே கிடைத்த பொழுதில் அவர் படித்தார், எழுதினார். எழுத்துலகில் கைகொடுத்துத் தூக்குவார் இல்லாத இல்லத்தரசிக்கு, போட்டி அறிவிப்புகளே அழைப்பு ஓலைகள் ஆயின. 1950ஆம் ஆண்டில் ‘நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன்’ என்னும் அமெரிக்க நாளிதழின் பன்னாட்டுச் சிறுகதைப் போட்டியில் அவர் பரிசு பெற்றார். 1953ஆம் ஆண்டில் அவருடைய ‘பெண்குரல்’ என்னும் நாவல் ‘கலைமகள்’ பரிசினைப் பெற்றது.

பரிசு பெற்றதனோடு அவர் பயணம் முடிந்துவிடவில்லை. உண்மையில் அங்கேதான் அது தொடங்கிற்று. நீலகிரியில் வாழும் படகர்களிடையே பழகி, அவர்தம் வாழ்வு மாறிவந்த நிலையைக் ‘குறிஞ்சித் தேன்’ என்னும் நாவலாக வடித்தார். தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலிலும் கரிப்பிலும் உழல்வோரின் துயரைக் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் எழுதினார். 1973ஆம் ஆண்டில் ‘வேருக்கு நீர்’ என்னும் நாவலுக்காகச் சாகித்திய அக்காதெமிப் பரிசு அவரை அடைந்தது. பரிசைக் களிப்பிற்குக் காரணமாகக் கொள்ளாது, மேலும் உழைத்தற்கு வித்தாகக் கொண்டமையே அவரது பெருமை.

எழுத்தாளனுக்குத் தாளும் மையும் போதும். படம் எடுப்போனுக்கோ கருவியும் பொருளும் கூட்டாளிகளும் வேண்டும். ஆதலின் அவனது முயற்சி இன்னும் கடினமானது. சத்யஜித் ராய் அவர்களின் வரலாறு இதனை விளக்கும். கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணியாற்றிய அவர், விபூதிபூஷண் பந்தோபாத்தியாயர் எழுதிய ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் வங்க நாவலைப் படமாக்க விரும்பினார். படத் தயாரிப்பாளர் எவரும் முன்வரவில்லை. 1952ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், விடுமுறை நாட்களில் மட்டும் கூடிப் படம் எடுக்கத் தொடங்கினார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதுவரை திரைப்படக் கருவியை இயக்கி அறியாத இளைஞர். பொருள் தீர்ந்தபோது ராய் தம் ஆயுள் காப்பீட்டை ஈடாக்கினார். அரிதின் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். அவர்தம் மனைவியாரின் அணிகலன்களும் அடகுக் கடைக்குச் சென்றன. பணி பன்முறை தடைப்பட்டது. பின்னர் மேற்கு வங்க அரசு பொருளுதவி செய்தது.

1954ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து நவீனக் கலைக்கூடத்தைச் சார்ந்த மன்றோ வீலர் என்பவர் கல்கத்தாவிற்கு வந்தார். முற்றுப்பெறாத அப்படத்தின் நிழற்படங்களைக் கண்டு வியந்து, தம் நகரில் நிகழவிருந்த இந்தியக் கலைக் காட்சியில் அதனைத் திரையிட அழைத்தார். காலவரையறை குறிக்கப்பட்டது. பல திங்கள் தேங்கிக் கிடந்த பணி வெள்ளம்போல் விரைந்தது. இறுதி நாட்களில் ராயும் படத்தொகுப்பாளர் துலால் தத்தாவும் உறக்கமின்றி உழைத்தனர். வசனத்தின் ஆங்கில வடிவைப் படத்தின் அடியில் பொறிக்கவும் பொழுதில்லை. அவ்வாறே அனுப்பப்பெற்ற படம் 1955ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. மொழி அறியாதாரும் அதன் பொருளை உணர்ந்தனர்.

மறு ஆண்டில் அப்படம் பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவிற்குச் சென்றது. அங்கு முதற்காட்சிக்கு வந்தோர் சிலரே. அதே மாலையில் நிகழ்ந்த விருந்து ஒன்று பலரைக் கவர்ந்துவிட்டது. படத்தின் அருமை உணர்ந்த சிலர் முயன்று அதனை மீண்டும் திரையிடச் செய்தனர். அதன் பயனாகச் ‘சிறந்த மனித ஆவணம்’ என்னும் பரிசு அதற்குக் கிடைத்தது. ‘பதேர் பாஞ்சாலி’ குறும்படம் அன்று. எனினும் துணையற்ற படைப்பாளர் அனைவர்க்கும் அது கூறும் செய்தி ஒன்று உண்டு. இறுதிநாள் என்பது பகையன்று. முடியாது கிடந்ததை முடிக்கச் செய்யும் நண்பன் அது. போட்டி தரும் முதற்பரிசு, படைப்பு நிறைவுறுதலே. வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் பொதுவாகக் கிடைக்கும் பரிசு அது.

இன்று இம்முயற்சி ராய் காலத்தினும் எளிதாகியுள்ளது. கைப்பேசியைக் கொண்டே குறும்படம் எடுக்க இயலும். அதனை ஏற்றுத் திரையிடும் விழாக்களும் பல உள. செர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் 1954ஆம் ஆண்டிலேயே குறும்படங்களுக்கென விழா தொடங்கிற்று. மும்பையில் 1990ஆம் ஆண்டு முதல் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் பன்னாட்டு விழா நடைபெற்று வருகின்றது. திருவனந்தபுரத்தில் இத்தகைய விழா 2008ஆம் ஆண்டில் தோன்றியது.

ஆயினும் கருவி எளிதாயிற்று என்று கவனத்தையும் எளிதாக்கிவிடலாகாது. நடுவர் கண்ணில் படுமுன்னரே பல படைப்புகள் விலக்கப்படுகின்றன. திறமைக் குறைவு அதற்குக் காரணமன்று. விதிகளைப் படியாமையே காரணம். ஆயிரம் சொற்களுக்கு மிகாத கதை கேட்டால் ஆயிரத்திற்குள் அமைத்தல் வேண்டும். படைப்பின்மீது பெயர் இருத்தலாகாது எனின், பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதுதல் வேண்டும். எழுதியவர் இன்னார் என்று அறியாமல் நடுவர் தீர்ப்பளித்தற்கே இவ்விதி அமைந்தது. குறும்படத்தின் கால அளவு, தலைப்பும் பெயர்ப்பட்டியலும் உட்படக் கணக்கிடப்படுவது உண்டு. சில விழாக்கள் முன்னரே இணையத்தில் வெளியிட்ட படத்தை ஏற்பதில்லை. ஆதலின் முன்பின் ஆராயாது அதனை வெளியிடுதல் தவறு. பிறர் இசையை இசைவின்றிச் சேர்த்தலும் பெருந்தவறு. மொழி அறியாத நடுவர்க்காக வசனத்தை அவர் அறிந்த மொழியில் பொறித்தலும், அம்மொழிபெயர்ப்பில் பிழை நீக்குதலும் இன்றியமையாதன. அனுப்பிய படைப்பின் படி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளுதல் நன்று.

இவற்றினும் முதன்மையானது உரிமை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் தாமாகவே எழுதிய கதைக்கு அவரே முதல் உரிமையாளர். அவர் கையொப்பமிட்ட எழுத்தின்றி அவ்வுரிமை பிறர்க்கு மாறாது. எனவே, உரிமை முழுவதும் போட்டி நடத்துவோர்க்கே சேரும் என்னும் விதி எங்கேனும் ஒரு மூலையில் உள்ளதா என்று நோக்கிய பின்னரே கையொப்பம் இடுதல் வேண்டும். நுழைவுக் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, அனுப்பியோர்க்கெல்லாம் விருது வழங்கும் போலி விழாக்களும் உள. நடுவர் யாவர், திரையிடும் அரங்கு யாது, சென்ற ஆண்டு வென்ற படங்கள் எவை என்னும் மூன்று வினாக்களுக்கு விடை இல்லாத விழாவை விலக்குதலே அறிவுடைமை. மின்னுவதெல்லாம் பொன்னாகாது.

இவ்வளவும் செய்தும் பரிசு கிட்டாது போகலாம். அந்நிலையில் நெஞ்சம் தளர்தல் இயல்பே. அத்தளர்ச்சிக்கு மருந்தாவது பழங்கிரேக்க நாட்டு வரலாறு ஒன்று. ஏதென்சு நகரில் ஆண்டுதோறும் டயோனிசசு என்னும் தெய்வத்தின் விழாவில் நாடகப் போட்டி நிகழும். விண்ணப்பித்த புலவருள் மூவரே போட்டிக்குத் தெரிந்தெடுக்கப்படுவர். உத்திரமேரூர்க் குடவோலை போலச் சீட்டெடுத்து நடுவரை அமர்த்துவர். கி.மு. 431ஆம் ஆண்டுப் போட்டியில் ஈஸ்கிலசின் மைந்தன் யூபோரியன் முதலிடம் பெற்றான். சோபாக்ளிசு இரண்டாம் இடம் பெற்றார். ‘மிடீயா’ என்னும் நாடகத்தை அளித்த யூரிப்பிடீசு மூன்றாம் இடத்தையே, அதாவது கடைசி இடத்தையே பெற்றார். அன்று வாகை சூடிய யூபோரியன் பெயரால் வழங்கும் நாடகம் ஒன்றேனும் இன்று இல்லை. கடைசியில் நின்ற ‘மிடீயா’வோ, 2,400 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் உலக மேடைகளில் நடிக்கப்பெற்று வருகின்றது.

இதனால் நடுவர் அனைவரும் அறியாதார் என்பதோ, தோற்ற படைப்புகள் அனைத்தும் உயர்ந்தன என்பதோ கருத்தன்று. ஒரு நாளில், ஒரு சிலர், தம் கண்முன் வைக்கப்பட்டவற்றை ஒப்பிட்டுக் கூறும் முடிவே போட்டியின் தீர்ப்பு. அது மதிக்கத்தக்கது, ஆனால் முடிந்த முடிபன்று. கடைசி இடம் பெற்றவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. யூரிப்பிடீசு அதன்பின்னும் பல்லாண்டுகள் அதே விழாவிற்கு நாடகங்களை எழுதினார்.

ஆதலின் மாணவர்களே, படைக்கும் விருப்பம் உடையீராயின், நும் வாழ்வில் நீவிர் நேரில் கண்டு உணர்ந்த ஒன்றைக் கதையாகவோ படமாகவோ ஆக்குங்கள். ஐயமின்றி முடித்து, பிழை களைந்து, விதியறிந்து, உரிய காலத்தே அவைமுன் வையுங்கள். பரிசு வருமாயின் பணிவோடு ஏற்று மேலும் உழையுங்கள். வாராதாயின், திரும்பி வந்த படைப்பை நக்கீரர் கண்கொண்டு நோக்குங்கள். குற்றம் உண்டெனின் திருத்துங்கள்; இல்லையெனத் தெளிந்தால் வேறோர் அவைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த படைப்பினைத் தொடங்குங்கள்.