பெரட்டு எடுத்துவிட்டுக் கை வை



தம்பி, குருபோங் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் சர்வர் அறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று உன் அம்மா சொன்னபோது மனம் நிறைந்தது. கூடவே ஒரு கவலையும் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு கம்பெனியின் டெபியன் சர்வர். பிஎச்பியின் புதுப் பதிப்பு வேண்டுமென்று வெளியார் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்து, நள்ளிரவில் 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' கொடுத்தேன். திரையில் பட்டியல் ஓடியது. நீக்கப்படுபவை என்ற பத்தியில் டேட்டாபேஸ் பெயரும் இருந்தது. படிக்காமல் 'ஒய்' தட்டிவிட்டேன். பேக்கப் இருக்கிறதே என்ற தைரியம். போய்ப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, அளவு 0. வட்டு நிரம்பி மூன்று வாரமாகியிருந்தது. மறுநாள் சம்பளக் கணக்கு. மென்பொருளை நீக்கினாலும் தரவுக் கோப்புகளை ஆப்ட் விட்டுவைத்திருந்தது, அதனால் பிழைத்தேன். டேட்டாபேஸை மறுபடி எழுப்பி நிறுத்துவதற்குள் விடிந்துவிட்டது.

வெறும் 'அப்கிரேட்' இருப்பதை நீக்காது. 'ஃபுல்-அப்கிரேட்' தேவைப்பட்டால் நீக்கும். இந்த வித்தியாசம் உன் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'ஆப்ட்-கெட்'டுக்கு '-எஸ்' சேர்த்தால் எதையும் தொடாமல் ஒத்திகை காட்டும். அதை வரிவரியாகப் படி.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட பிறகுதான் ஆட்களை நிரைக்கு அனுப்புவார்கள். உன் தாத்தா அந்தக் களத்தில் நின்றவர். சர்வருக்கும் பெரட்டு எடு. எந்தெந்தச் சேவை ஓடுகிறது, எந்தப் போர்ட் திறந்திருக்கிறது, பதிப்பு எண் என்ன, வட்டில் இடம் எவ்வளவு என்று முதலில் எழுதிவை. அப்டேட்டை ஏற்றி முடித்து, ரீபூட் செய்து, அதே பட்டியலை மறுபடி கூப்பிடு. ரீபூட் செய்யாதவரை பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். பதில் சொல்லாத பெயர் ஒன்று இருந்தாலும் வீட்டுக்குப் போகாதே.

பயந்துபோய் அப்டேட்டைத் தள்ளியும் போடாதே. வன்னாக்ரை என்ற நச்சுநிரல் 2017 மே 12 அன்று உலகைத் தாக்கியது; அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் சீக்கிரம் ஏற்று. ஆனால் எல்லா மெஷினிலும் ஒரே நேரத்தில் வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் ஒரு பிழையான அப்டேட் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் மலேசியாவிலேயே ஏர் ஆசியா பயணிகளுக்குக் கையால் செக்-இன் செய்தார்கள். முதலில் ஒன்றில் ஏற்றி ஒருநாள் பார், பிறகு மற்றவை.

பதிப்பு மாற்றும்போதும் டெபியன் 11லிருந்து 13க்கு ஒரே தாவலில் போகாதே. 12க்குப் போய், சரிபார்த்து, அப்புறம் 13.

இந்த வாரமே ஒன்று செய், தம்பி. உன் பேக்கப்பை வேறொரு மெஷினில் விரித்துப் பார். திறந்ததா இல்லையா என்று எனக்கு எழுது.