பெயர் பலவும் குறியீடு ஒன்றும்

முன்னுரை

ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைத் தொகுத்துக் கூறுவது திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டு நூல்களின் பணிகளுள் ஒன்று. கணிப்பொறியில் எழுத்துகளைப் படித்துத் திருத்த உதவும் செயலிக்கும் அத்தகைய நிகண்டு ஒன்று வேண்டியுள்ளது. அஃது இல்லாவிடின் நம் எழுத்துச் செல்வத்திற்கு நேரும் கேடு யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சப்பானியர் கண்ட வழி

கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என வகுத்துரைப்பதே குறியீட்டுமுறை. சப்பானிய மொழியில் ஆயிரக்கணக்கான காஞ்சி எழுத்துகள் உள. 1978-இல் அந்நாடு அவற்றுக்கு ஒரு தரம் வகுத்தது. ஆயினும் கோப்பில் எழுதும் முறைகள் ஷிப்ட்-ஜிஸ், இயூசி-ஜேபி, ஐஎஸ்ஓ-2022-ஜேபி எனப் பலவாயின. அவற்றுள் ஷிப்ட்-ஜிஸ் ஒன்றே எஸ்ஜிஸ், எக்ஸ்-எஸ்ஜிஸ், எம்எஸ்-காஞ்சி எனப் பல பெயர் பெறும். கோப்பில் ‘எக்ஸ்-எஸ்ஜிஸ்’ என்றிருக்க, செயலி ‘ஷிப்ட்-ஜிஸ்’ என்னும் பெயரை மட்டுமே அறிந்திருப்பின், உரிய அட்டவணை தன்னிடம் இருந்தும் அதனை எடுத்தாளாது; எழுத்துகளைச் சிதைத்துக் காட்டும். இச்சிதைவைச் சப்பானியர் ‘மொஜிபாகே’ என்பர். மாற்றுப்பெயர்கள் அனைத்தையும் ஒரு முதற்பெயரோடு இணைக்கும் பட்டியலைச் செயலியில் சேர்ப்பதே இதற்கு மருந்தாகும்.

ஒத்தவையும் ஒன்றானவையும்

குற்றாலத்தைத் திரிகூடம் எனினும் பொருந்தும். ஆனால் மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலம் வேறு ஊர். ஓசை ஒத்தமை கருதி இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர், அருவியை நாடிக் காவிரிக்கரையில் போய் நிற்பர். ஷிப்ட்-ஜிஸ், விண்டோஸ்-31ஜே ஆகிய இரண்டும் இவ்வாறே. பெரும்பாலும் ஒத்திருப்பினும், வட்டமிட்ட எண்கள் முதலிய சில குறிகள் பின்னதில் மிகுதியாக உள்ளன. எனவே மாற்றுப்பெயர்ப் பட்டியல் வகுப்போர் ஆய்ந்து வகுத்தல் வேண்டும்.

தமிழின் நிலை

தமிழும் இவ்விடரைப் பட்டறிந்தது. தொடக்கத்தில் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு முறை கொண்டனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் இரு தரங்களைத் தமிழக அரசு ஏற்றது. டாம் தமிழுக்கு மட்டும் உரியது. டாப் ஆங்கிலத்தையும் உடன்கொண்டது. இணையத் தமிழரிடையே திஸ்கி பரவியது. 2010-இல் ஒருங்குறியும் டேஸ்-16-உம் அரசின் தரங்களாயின.

‘தென்காசி’ என்னும் சொல்லையே சான்றாகக் கொள்வோம். திஸ்கியில் கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படி முதலில் ஒற்றைக்கொம்பும் அடுத்துத் தகரமும் பதிவாகும். ஒருங்குறியிலோ தகரம் முதலிலும் கொம்பு அடுத்தும் வரும். ஆதலின் பழங்கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. எண்களையும் வரிசையையும் மாற்றியாக வேண்டும். அதற்கு முதற்படி, கோப்பு எம்முறையில் எழுதப்பட்டது என அறிதலேயாம்.

நாம் செய்யத்தக்கன

தென்காசி, குற்றாலம் வட்டாரத்துப் பெரியோர் பலர் எழுதிய மலர்க் கட்டுரைகளும் ஊர் வரலாறுகளும் அக்காலக் குறுவட்டுகளில் உறங்குகின்றன. அவை அழியாதிருக்க மாணவர்கள் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். முதலாவது, மூலக்கோப்பை மாற்றாமல் ஒரு படி எடுத்து வைத்தல். இரண்டாவது, எழுத்துருவின் பெயரையும் குறியீட்டுமுறையின் பெயரையும் உடன் எழுதி வைத்தல். மூன்றாவது, ஒருங்குறிக்கு மாற்றியபின் அச்சுப் பக்கத்தோடு வரிவரியாக ஒப்பு நோக்கல்.

முடிவுரை

ஏடு பெயர்த்தெழுதியோர் இல்லையேல் சங்க நூல்கள் நம் கைக்கு எட்டியிரா. ஓலையைக் கறையான் அரித்தது. கோப்பையோ பெயர் அறியாமை அரிக்கிறது. பெயரறிந்து மூத்தோர் எழுத்தைக் காப்பது தமிழ் பயில்வோர் அனைவருக்கும் உரிய கடன் எனத் துணிவோமாக.