புற்றரைக்கு ஏற்ற எரு

நெல்லுக்கும் கரும்புக்கும் எருவிடல் வேண்டுமென்பதை யாவரும் அறிவர். காலடியிற் கிடக்கும் புல்லுக்கும் உணவு வேண்டுமென எண்ணுவோர் சிலரே. விளையாட்டுத் திடல் பசுமை குன்றியவிடத்து, கைக்குக் கிடைத்த உரத்தை அள்ளித் தூவுதல் பலர் வழக்கம். அது தக்கதோ என ஈண்டு ஆராய்வாம்.

பயிர் மண்ணினின்று கொள்ளும் சத்துக்களுள் தலையாயவை மூன்று. தழைச்சத்து இலையை வளர்த்துப் பசுமை தரும்; மணிச்சத்து வேரூன்ற உதவும்; சாம்பற்சத்து வறட்சியையும் நோயையும் தாங்கும் வலிமை அளிக்கும்.

இவற்றின் ஆற்றலை இங்கிலாந்திலுள்ள ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்திற் காணலாம். 1856ஆம் ஆண்டில் லாஸ், கில்பர்ட் என்னும் அறிஞர் இருவர் அங்குள்ள பழைய புல்வெளியொன்றைப் பாத்திகளாகப் பிரித்து, வெவ்வேறு உரமிட்டனர். உலர்புல் விளைவைப் பெருக்குதலே அவர்தம் நோக்கம். ஆயின், சில ஆண்டுகளுக்குள் பாத்திதோறும் செடியினங்களே வேறுபட்டன. தழைச்சத்துப் பெற்றவிடத்துப் புல் ஓங்கியது. அஃதின்றி ஏனை இரண்டும் பெற்றவிடத்து அவரைக் குடும்பச் செடிகள் மிகுந்தன. சுண்ணாம்பின்றி அம்மோனியம் சல்பேட்டை ஆண்டுதோறும் ஏற்ற மண்ணோ கடும்புளிப்பு அடைந்தது, மண்புழு ஒழிந்தது, மட்காத புல் மெத்தைபோற் படிந்தது, இரண்டு மூன்று இனங்களே எஞ்சின. எருவே இடாத பாத்தியிலோ, விளைவு குறைவெனினும், முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. இவ்வாராய்ச்சி இன்றும் நடைபெற்று வருகின்றது.

எனவே, உரமிடுவோன் எச்செடி வாழ்தல் வேண்டும், எச்செடி மாய்தல் வேண்டும் என்பதையும் உடன் முடிவு செய்கின்றான். மேலும், புளிப்பு நிலத்தைக் கெடுக்கும் அதே அம்மோனியம் சல்பேட், சுண்ணாம்பு மிக்க நிலத்திற்கு நலஞ் செய்யும். ஆதலின் மண்ணைச் சோதித்தலே முதற்கடன்.

அடுத்தது அளவு. சதுர மீட்டருக்கு ஒரு முறையில் 5 கிராம் தழைச்சத்துக்கு மேற்படாமை நன்று. 100 சதுர மீட்டர் திடலுக்கு இது 500 கிராம் ஆகும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்மையால் ஏறத்தாழ 1.1 கிலோ போதும். 21 பங்கேயுடைய அம்மோனியம் சல்பேட்டாயின் 2.4 கிலோ வேண்டும். இவ்வேற்றுமை அறியாது இரண்டையும் ஒரே எடையில் இடுவோர், ஒன்றிற் புல்லைக் கருக்குவர், மற்றொன்றிற் பட்டினியிடுவர். உரமிட்டவுடன் நீர் பாய்ச்சுதலும் இன்றியமையாதது.

செலவில்லாத எருவும் ஒன்றுண்டு. வெட்டிய புல்லை அகற்றின் அதனோடு மண்ணின் சத்தும் அகலும். குறுகக் கத்தரித்து அங்கேயே உதிரவிடின், அது மட்கி மீண்டும் உணவாகும்.

நாடி பாராது மருந்தளிப்பவனை நாம் வைத்தியன் என்று கொள்ளோம். மண்ணை அறியாது எருவிடுவோனையும் அங்ஙனமே கொள்ளல் தகும்.