மூன்று சக்கரம் போதுமா?

எங்கள் குழந்தைக்கு 8 மாதம். ஆம்பூரில் எங்கள் தெரு குண்டும் குழியுமானது. மூன்று சக்கரத் தள்ளுவண்டி வாங்கலாமா? கவிழ்ந்துவிடும் என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, ஆம்பூர்

தாராளமாக வாங்கலாம். ஆனால் சக்கரத்தின் எண்ணிக்கையை விட அளவைப் பாருங்கள். கடையின் டைல்ஸ் தரையில் எந்த வண்டியும் வழுக்கிக்கொண்டு ஓடும்; உங்கள் தெருவில் சின்ன பிளாஸ்டிக் சக்கரம் முதல் கல்லிலேயே முரண்டு பிடிக்கும். 1984இல் அமெரிக்காவின் யாக்கிமாவில் பில் பேக்லர் ‘பேபி ஜாகர்’ வண்டியை உருவாக்கியபோது சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தியது இதனால்தான். காற்றடைத்த பெரிய சக்கரம் பள்ளத்தில் சிக்காது, குலுக்கலையும் தாங்கும். பஞ்சரானால் என்ன, சைக்கிள் கடை இல்லாத ஊரா ஆம்பூர்!

மாமியார் பயத்திலும் நியாயம் இருக்கிறது. முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் வேகமாகத் திருப்பினால் பக்கவாட்டில் சாயும். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டினால் மல்லாந்துவிடும். ஆகவே பின்சக்கரங்கள் அகன்றும் இருக்கை தாழ்ந்தும் இருக்கட்டும். கரடுமுரடான இடத்தில் முன்சக்கரத்தைத் திரும்பாமல் பூட்டும் வசதி வேண்டும். தோள், இடுப்பு, தொடையிடுக்கு என ஐந்து முனை பெல்ட் கட்டாயம். வேலூர் கோட்டைப் பூங்காவுக்கு மட்டும்தான் என்றால் நான்கு சக்கரமே போதும், ஆட்டோவில் மடக்கி வைப்பதும் சுலபம். ஷூ தைக்கும் ஊர்க்காரருக்குப் போட்டு நடந்து பார்த்து வாங்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியையும் தெருவில் இறக்கித் தள்ளிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.